ஒருசந்தி இருக்கிற ரத்தம்

பிப்ரவரி 11, செவ்வாய்

வக்கீல் தமயந்தி மேடம் எழுதச் சொன்னாங்க, அதான் எழுதுறேன். இல்லாட்டி நோட்டு வாங்கி எழுதணும்னு எனக்கென்ன தலையெழுத்தா. "எமல்டாம்மா, அடி விழுந்த அன்னைக்கே எழுதிருங்க. தேதி, நேரம், எதால அடிச்சார், எங்க பட்டுது, எவ்வளவு குடிச்சிருந்தார். மகளை அடிச்சா அதையும். எழுதினதை அடிக்காதீங்க, பக்கத்தைக் கிழிக்காதீங்க. ஏதாவது தப்பா எழுதிட்டா, வேற தேதி போட்டுக் கீழ சரியா எழுதுங்க. நாளைக்கு கோர்ட்டுல இந்த நோட்டுதான் பேசும்"னாங்க. அவனை எதிர்மனுதாரர்னு எழுதணுமாம். அந்த மரியாதையெல்லாம் என் கையில வராது. அவன்னுதான் எழுதுவேன்.

நான் எமல்டா, வயசு முப்பத்தொன்பது. தூத்துக்குடியில இறால் கம்பெனியில தலை கிள்ளுற வேலை, பன்னெண்டு வருஷமா ஐஸ்லயே கை. அவன் ததேயு, என்னைக் கட்டுனவன், வயசு அம்பத்தொண்ணு. துறைமுகத்துப் பக்கம் ஒரு யார்டுல கண்டெய்னர் தூக்கி அடுக்குற வண்டி ஓட்டுறான். எப்பவும் ராத்திரி ஷிப்டு. காலையில ஏழு மணிக்குப் பாட்டிலோட வருவான், அவனுக்கு அதுதான் சாயங்காலம். மக ஜோவிட்டா ஒன்பதாம் வகுப்பு. வீடு எங்கப்பா என் பேர்ல எழுதுனது. அதனால நான் எங்கயும் போக மாட்டேன், அவன்தான் போகணும். அவன் இந்த வாசப்படி ஏறக் கூடாது, ஜோவி எங்கிட்ட இருக்கணும். கேஸு அவ்வளவுதான். மார்ச் 28 வாய்தா.

இனி விஷயம். போன சனிக்கிழமை, காலை எட்டரை. குக்கர் மூடி. வலது புருவம், ரெண்டு தையல். முக்கால் பாட்டில் குடிச்சிருந்தான். மீன் குழம்புல புளி தூக்கலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

காலை 8.10. இடது காது. கை. அரை பாட்டில். காரணம் ஒண்ணுமில்ல.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிஞ்சு வந்தா, அவன் பெல்ட்டைக் கழத்தி மேசையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

ஒரு விஷயம் சொல்லணும். அவன் குடிச்சுட்டுத் தூங்குனதும் மிச்சம் இருக்கிறதை நான் எடுத்து சிங்க்ல ஊத்திருவேன். அதே அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சிருவேன். ரொம்ப வருஷமா இப்படித்தான். அந்தப் பாவியோட ஈரலாவது பிழைக்கட்டுமேன்னுதான். இன்னைக்குக் கண்டுபிடிச்சுட்டான். "ஏட்டி, இது பிராந்தியா, அரிசி கழுவுன தண்ணியா"ன்னான். முதுகுல நாலு, தொடையில ரெண்டு. குறுக்க வந்த ஜோவிக்கு முழங்கையில ஒண்ணு.

மதியம் மேடம் வந்து போட்டோ எடுத்தாங்க. முதுகு பூரா கருநீலமா ஏறியிருக்கு. எனக்கு இப்பல்லாம் லேசா இடிச்சாலே அப்படித்தான் ஆகுது. "இவ்வளவு பலமாவா அடிக்கிறார்"னு கேட்டாங்க. ஆமா மேடம்னேன்.

வயித்து மருந்து எடுத்துட்டுப் படுத்தேன். ஜோவி பிறந்ததுல இருந்து எடுக்கிற மருந்து. அது இல்லாம எனக்குத் தூக்கம் பிடிக்காது.

பிப்ரவரி 19, புதன்

யார்டுல வண்டியைக் கொண்டுபோய் லாரியில இடிச்சிருக்கான். லாரிக்காரருக்குக் கால்ல மூணு விரல் போச்சு. ஆள் பிழைச்சது மாதா புண்ணியம். கம்பெனி டாக்டர் இவன் கண்ணு, வாய் வாடை எல்லாம் பார்த்துட்டு, ஈரல் டாக்டர்கிட்ட போய் ரத்தம் சோதிச்சு, நல்லா இருக்குன்னு லெட்டர் வாங்கிட்டு வா, அதுவரைக்கும் வண்டிச் சாவியைத் தொடாதேன்னுட்டாராம்.

அந்தக் கோபத்தைக் காட்ட ஆள் வேணுமே. காலை 9. பெஞ்சு. என் கணுக்கால். ஒரு பாட்டில் முழுசா.

பிப்ரவரி 21, வெள்ளி

ஈரல் டாக்டர் முகைதீன் சின்ன வயசுக்காரர், நிதானமாப் பேசுறார். சம்சாரமும் கூட வரணும்னாங்கன்னு நானும் நொண்டிக்கிட்டே போனேன்.

"ஈரலுக்கு வலி தெரியாது. குடிக்கக் குடிக்க உள்ள தழும்பு ஏறிக்கிட்டே போகும். கால் வீங்கி, ரத்த வாந்தி வந்த பிறகுதான் ஆளுங்க இங்க வர்றாங்க. இப்ப ரத்தத்துலயே ஓரளவு பார்த்துரலாம்"னு சொன்னார். ஒரு தாள்ல எழுதியும் காட்டினார். வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ஈரல் சோதனையில வர்ற ரெண்டு அளவு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, இந்த நாலையும் வச்சு ஒரு கணக்கு. வயசையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கணும். தட்டணுவாலயும், எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தாலயும் வகுக்கணும். வர்றது ஒண்ணு புள்ளி மூணுக்குக் கீழ இருந்தா பெருசா பயமில்ல. ரெண்டு புள்ளி ஆறு ஏழைத் தாண்டுனா தழும்பு நெறைய இருக்கலாம், அப்ப தழும்புக்குன்னே இருக்கிற இன்னொரு ரத்தச் சோதனை பார்ப்பாராம். அதுக்கு சாம்பிள் சென்னைக்குப் போகணும். கணக்கு எனக்கு நல்லாவே புரிஞ்சுது. பத்தாவதுல நான் கணக்குல எண்பத்தொண்ணு.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க உள்ளங்கை எப்பவும் இப்படிச் சிவந்தே இருக்குமாம்மா"ன்னு கேட்டார். ஐஸ்ல வேலை டாக்டர்னேன். "நீங்க குடிப்பீங்களா"ன்னார். எனக்கு சுர்ருனு ஏறிருச்சு. மாதா பக்தசபையில இருக்கிறவளைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது. இவனோட வந்ததுக்கு எனக்கும் சேர்த்துக் கெட்ட பேரு.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதக் கை வரல. ஆனா எழுதணும்.

அவன் சித்தப்பா மக ஃபெலிசியா ஒரு லேப்ல வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கிறவ. அவளைப் பேசிச் சரிக்கட்டி வச்சிருக்கான். வீட்டுக்கு வந்து எடுப்பாளாம். ஆனா அவன் கையில இல்ல, என் கையில. அவன் பேரை எழுதி ஒட்டிருவாளாம்.

"உன் ரத்தம் சுத்தம்ட்டி. வெள்ளி தவறாம ஒருசந்தி இருக்கிற ரத்தம். ஒருநேரச் சோறு, கவிச்சி கிடையாது. அதைவிட நல்ல ரத்தம் இந்தத் தெருவுல யாருகிட்ட இருக்கு"ன்னான். பதினாறு வருஷத்துல என்னைப் பத்தி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

முடியாதுன்னேன். எனக்கு ரத்தச் சோகைன்னேன், கள்ளத்தனம்னேன், ஊசின்னா மயக்கம் வரும்னேன். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அடுப்புல தோசைக்கல்லு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஜோவியோட வலது கையைப் பிடிச்சு இழுத்து அது மேல ஒரு விரக்கடை தூரத்துல பிடிச்சான். பிள்ளை கத்தக்கூட இல்ல, என்னையே பார்த்தா. சரின்னுட்டேன்.

நேரம்: காலை 7.40. குடிக்கல, இனிமேத்தான் குடிக்கணும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஃபெலிசியா ஆறரைக்கே வந்துட்டா. மூணு எடத்துல குத்துனா. "என்ன அண்ணி, நரம்பே கிடைக்க மாட்டேங்குது"ன்னு சலிச்சுக்கிட்டா. ஊசி குத்துன எடமெல்லாம் இப்ப ஒரு ரூபா அகலத்துக்குக் கருப்பா இருக்கு. அவன் பக்கத்துலயே நின்னு, குப்பியில ஏறுற என் ரத்தத்தை சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தான்.

குப்பியில ஒட்டுனது: ததேயு, 51, ஆண்.

பிப்ரவரி 28, வெள்ளி

ரிப்போர்ட் வாங்கிக்கிட்டு டாக்டர்கிட்ட அவன் மட்டும் போனான். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். கதவைச் சாத்துனான். என் தலைமுடியைப் பிடிச்சு மூஞ்சியைத் தூக்கி, வாய்க்கிட்ட மூக்கை வச்சு மோந்து பார்த்தான். இறால் வாடைக்கு என் மேல வேற எந்த வாடையும் தெரியாது, இத்தனை வருஷமா தெரிஞ்சதில்ல. ஆனா இன்னைக்கு லீவு, நான் வேலைக்குப் போகல.

அப்புறம் அடிச்சான். கையால, காலால, கடைசியில கொடிக்கம்பியால. சுவத்தோட சேர்த்து வச்சு விலாவுல மிதிச்சான். மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. அவன் என்னை என்ன சொல்லி அடிச்சான்னு இதுல எழுத மாட்டேன். எதுக்கு அடிச்சான்னு எனக்குத் தெரியாது. அவன் குடிச்சிருக்கல.

மார்ச் 1, சனி

ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடாம டிவி மேலயே வச்சிருக்கான், நான் பார்க்கணும்னு. எஸ்ஜிஓடி 96. எஸ்ஜிபிடி 49. தட்டணு எண்பத்துநாலாயிரம். டாக்டர் தாள்ல ஆயிரத்தை விட்டுட்டு எண்பத்துநாலுன்னுதான் போடுவார்.

நாப்பத்தொன்பதுக்கு வர்க்கமூலம் ஏழு. அம்பத்தொண்ணு வயசுன்னு போட்டா எட்டு புள்ளி மூணு மூணு வருது. அவன் வயசைப் போட்டதுனாலதான் இவ்வளவு வந்திருக்கும்னு நெனச்சேன். முப்பத்தொன்பதைப் போட்டுப் பார்த்தேன். ஆறு புள்ளி மூணு ஏழு.

ஜோவியோட கால்குலேட்டர் பழசு, பட்டன் சரியா அமுங்காது. தாள்ல போட்டேன். ஆறு புள்ளி மூணு ஏழு.

ஐஸ்ல வேலை பார்த்தா இப்படி வரும் போல. ஃபெலிசியா ஒழுங்கா எடுத்திருக்க மாட்டா, அவ என்னைக்கு எதை ஒழுங்காச் செஞ்சிருக்கா.

மார்ச் 3, திங்கள்

ரிப்போர்ட்டை போன்ல படம் எடுத்து மேடத்துக்கு அனுப்புனேன். ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க. முகமெல்லாம் மலர்ந்துபோய் இருந்தாங்க. "இதுதாம்மா எனக்கு வேணும். அடிச்சார்னு நாம சொல்லலாம், அவர் இல்லம்பார். ஆனா ஈரல் பொய் சொல்லாதே. எத்தனை வருஷக் குடின்னு இந்த ஒரு தாள் சொல்லிரும். மகளை உங்ககிட்டேருந்து யாராலயும் வாங்க முடியாது"ன்னாங்க.

நான் பொய் ஒண்ணும் சொல்லல. தாள்ல அவன் பேருதான் இருக்கு. நான் எழுதல அதை.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெத்தியில சாம்பலோட வந்து நடுவீட்டுல நின்னு சொல்றான், தபசுக்காலம் நாப்பது நாளும் ஒரு சொட்டு தொட மாட்டானாம். கோயில்ல வேண்டிக்கிட்டானாம். பாட்டில் எல்லாத்தையும், மீட்டர் பெட்டிக்குப் பின்னால இருந்தது, அரிசி டிரம்முக்குள்ள இருந்தது, எல்லாத்தையும் எடுத்து என் கண்ணு முன்னாலயே சாக்கடையில கவுத்தான். கவுக்கும்போது பாட்டிலைப் பார்க்கல. என்னைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"கோர்ட்டுல அந்தத் தாளைக் காட்டு. அது யாரு ரத்தம்னு நானும் சொல்றேன்"னான். சொல்லேன், கள்ள ரத்தம் குடுத்தேன்னு கம்பெனிக்கும் சேர்த்துச் சொல்லு, வேலை போகட்டும்னேன்.

மார்ச் 7, வெள்ளி

தழும்புச் சோதனைக்கு ரத்தம் எடுக்க டாக்டர் அவனை நேர்ல வரச் சொல்லிட்டார். "இந்தத் தடவ இங்கயே, நம்ம ஆளு எடுக்கட்டும்"னாராம். தட்டணுவையும் மறுபடி பார்க்கிறாராம். ரிசல்ட் வர பத்து நாள்.

எனக்கு ஒருசந்தி. தண்ணி குடிச்சாக்கூடக் குமட்டுது.

மார்ச் 8, சனி

ஜுரம் போல. கை நடுங்குது. இறால் தலையைக் கிள்ளப் போனா உடம்போட சேர்த்து நசுங்கிருது. ஐஸ் மேல நிக்கிறேன், வேர்வை முதுகுல ஓடுது. சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார். சுவத்துல எறும்பு ஊருது, ஜோவியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். எறும்பே இல்லம்மாங்கா.

மார்ச் 9, ஞாயிறு

காலை 10.15. செருப்பு, அப்புறம் கை. கன்னம், கழுத்து. அவன் குடிக்கல. இதைப் பெருசா எழுதணும்: அவன் குடிக்கவே இல்ல. அஞ்சு நாளாச்சு. பதினாறு வருஷமா, குடிதான் அடிக்குது, அவன் இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன், சாமியார்கிட்டகூட. தெளிஞ்ச கண்ணோட, நிதானமா, எங்க அடிச்சா வலிக்கும்னு பார்த்துப் பார்த்து அடிக்கிறான். குடிச்சிருந்தா பாதி அடி சுவத்துல விழும்.

சாயங்காலம் ஜோவிக்குக் கீழுதடு கிழிஞ்சிருச்சு. கதவு இடிச்சிருச்சு.

மார்ச் 12, புதன்

மருந்து கிடைச்சுது. நடுக்கம் நின்னுருச்சு. சோறும் இறங்குது.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வச்சார். மேசையில ரெண்டு ரிப்போர்ட்டு. அவன் தழும்புச் சோதனை எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி எட்டைத் தாண்டுனாத்தான் தழும்பு முத்தியிருக்குன்னு அர்த்தமாம். தட்டணு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். இருபத்தஞ்சு வருஷமாக் குடிக்கிறவனுக்கு ஈரல் ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு.

"பத்து நாள்ல தட்டணு இப்படி மூணு மடங்கு ஏறாது. இது ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம் இல்ல"ன்னு டாக்டர் சொன்னார். சத்தமே போடல. "அந்த முதல் ரத்தம் யாருதோ, அவங்களை உடனே இங்க கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு நாள் கம்மி. இதுக்கு விளக்கம் வராம கம்பெனிக்கு நான் லெட்டர் தர முடியாது." சொல்லும்போது என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். நான் கையை முந்தானைக்குள்ள வச்சேன்.

என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களைவிடக் கம்மியாக் குடிச்சாலே ஈரல் சீக்கிரம் கெட்டுரும்மா. அது உங்க குத்தம் இல்ல, உடம்பு வாகு. இன்னைக்கு நிறுத்துனாக்கூட மேல கெடாமப் பிடிச்சு நிறுத்தலாம். ஆனா வீட்டுல தானா நிறுத்தாதீங்க, வலிப்பு வரும். இங்க வாங்க"ன்னார். என் பேருக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார். யாருக்கோ சொல்றீங்க டாக்டர்னேன். சீட்டை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

எனக்கு வர்ற ஆத்திரத்தை எங்க கொண்டுபோய்க் கொட்ட? பீப்பாய் பீப்பாயாக் குடிச்சவன் கல்லு மாதிரி இருக்கான். அடி வாங்குனவளுக்குத்தான் உள்ளயும் தழும்பு.

மார்ச் 21, வெள்ளி. ஆஸ்பத்திரி

புதன்கிழமை நடந்ததை இப்பத்தான் எழுதுறேன். ஜோவிதான் நோட்டை ஸ்கூல் பையில வச்சுக் கொண்டாந்தா.

கம்பெனியில அவனை வெளிய அனுப்பிட்டாங்க. மதியம் ரெண்டு மணிக்கு வந்தான். தெளிவாத்தான் வந்தான். "உன் ரத்தத்தால என் பொழப்பு போச்சு"ன்னு ஒரே வார்த்தை. கிரைண்டர் குழவியைத் தூக்குனான், அது கை நழுவி அவன் கால்லயே விழுந்துச்சு. சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. என் தலையைப் பிடிச்சு வாசல் நிலையில மூணு தரம் மோதுனான். மூக்கு உடைஞ்சுது. நானும் சும்மா இல்ல, கையில கிடைச்ச ஐஸ் கொக்கியால அவன் தோள்ல ஒண்ணு போட்டேன், அதையும் எழுதிக்கிறேன். தெருக்காரங்க வந்து அவனைப் பிடிச்சுக் கட்டி வச்சாங்க.

அவன் அடி நின்னுருச்சு, என் ரத்தம் நிக்கல. மூக்குல இருந்து ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், சேலை ஒண்ணு முழுசா நனைஞ்சு, துண்டு நனைஞ்சு, ஆட்டோ சீட்டெல்லாம். மத்தவங்களுக்குப் பத்து நிமிஷத்துல உறையுறது எனக்கு உறையல. ஜோவி பூராவும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. அவ யூனிபாரம் இனி ஆகாது.

அவனை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. மேடம் வந்தாங்க. "இனி உங்களை யாரும் அசைக்க முடியாது. ஆனா அங்க அவர் ஒண்ணு உளறுறார், அந்த ரிப்போர்ட் ரத்தம் உங்களோடதாம், நீங்கதான் குடிக்கிறவங்களாம். அப்படி ஏதும் இல்லையே எமல்டாம்மா"ன்னு கேட்டாங்க.

இல்ல மேடம்னேன். ஜோவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மார்ச் 22, சனி

ஜோவி குளிக்கப் போனப்ப அவ பையில சீப்பு தேடுனேன். சயின்ஸ் ரெக்கார்டு நோட்டு. கடைசிப் பக்கம் விரிஞ்சுது.

மேடம் எங்கிட்ட நோட்டு எழுதச் சொன்னப்ப அவளும் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. அதே மாதிரி எழுதியிருக்கா, தேதி, நேரம், எதால, எங்க, எவ்வளவு குடிச்சிருந்தாங்க. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு ரெண்டா பிரிச்சிருக்கா. அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் அம்மா.

பிப்ரவரி 13, மாலை 6. விளக்குமாறு. என் முதுகு. அம்மா கால் பாட்டில்.

பிப்ரவரி 20, மாலை 6.30. கை. கன்னம். அம்மா அரை பாட்டில்.

மார்ச் 9, மாலை 5.40. கரண்டி. உதடு. அம்மா குடிக்கல. வீட்டுல பாட்டில் இல்ல.

இன்னும் ரெண்டு இருக்கு. அதையும் படிச்சேன்.

அம்மா குடிக்கல. அவனைப் பத்தி அதே நாள் நான் எழுதுனதும் அதேதான், பெருசா எழுதணும்னு வேற எழுதி வச்சிருக்கேன். ஜோவி தலை துவட்டிக்கிட்டே வந்தா, நோட்டு என் மடியில இருக்கிறதைப் பார்த்தா. "கோர்ட்டுல கேட்டா இதைக் காட்ட மாட்டேம்மா. ஆனா எழுதாம இருக்க முடியல"ன்னா. அவ உதட்டுல அந்தப் பொருக்கு இன்னும் இருக்கு. கிட்டப் போனேன். ஒரு எட்டு பின்னால வச்சா. அவன் வரும்போது வைக்கிற அதே எட்டு.

மார்ச் 23, ஞாயிறு

திருத்தம். மேடம் சொன்ன மாதிரி பழசை அடிக்கல. கீழ எழுதுறேன்.

பிப்ரவரி 16-ல சிங்க்ல ஊத்துனேன்னு எழுதியிருக்கேன். சிங்க்ல ஒரு சொட்டு ஊத்துனதில்ல. குடிச்சேன். குடிச்சுட்டுத்தான் தண்ணி ஊத்தி வச்சேன்.

வயித்து மருந்துன்னு எழுதுனது பிராந்தி. ஜோவி பிறந்த எட்டாம் நாள், குளிர் ஏறாம இருக்கணும்னு எங்க மாமி ஒரு மூடி குடுத்தாங்க. எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் குடுக்கிறதுதான். நாப்பது நாளோட எல்லாரும் விட்டுருவாங்க. எனக்கு அன்னைக்கு முதுகுல அவன் உதைச்ச வலி. ஒரு மூடியில வலி போச்சு. அப்புறம் ரெண்டு மூடி. அப்புறம் மூடியால அளக்கிறதை விட்டுட்டேன். கடை வாசல்ல போய் ஒரு பொம்பளை நிக்க முடியுமா, அவன் பாட்டில்தான் எனக்கு. அவன் குடிச்சு விழணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன். அவன் பாட்டில் இல்லாம வீட்டுக்கு வந்தா, அடியைவிட அதுக்குத்தான் நான் பயப்படுவேன். இதைவிடக் கேவலமா எழுத எங்கிட்ட ஒண்ணுமில்ல.

மார்ச் 12-ல கிடைச்ச மருந்து, எங்கூட வேலை பார்க்கிற ஒருத்தியோட வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது.

பிப்ரவரி 25: அந்த ரத்தம் என்னுது.

மார்ச் 9: ஜோவி உதட்டை இடிச்சது கதவு இல்ல. கரண்டி. அடிச்சது எமல்டா. சோறு குழைஞ்சிருச்சுன்னு. மத்த நாலும் அவ நோட்டுல இருக்கு, எல்லாம் நெசம்.

மார்ச் 24, திங்கள்

காலையில மேடம் வந்ததும் நோட்டைக் குடுத்தேன். கட்டில் ஓரத்துல உக்காந்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாங்க. திருத்தம் வந்ததும் கண்ணாடியைக் கழத்திட்டாங்க. நான் அவங்க முகத்தைப் பார்க்கல. சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"குடிக்கிற பொம்பளையை அடிக்கலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அந்த மனுஷன் உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கிற ஆர்டரை நான் வாங்கித் தருவேன். ஆனா ஜோவி..." கண்ணாடியைத் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டாங்க. "ஜோவி விஷயத்துல இன்னைக்கு உங்களுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது. கொஞ்ச நாள் அவ விடுதியில இருக்க வேண்டி வரலாம்."

சரி மேடம்னேன். அழுகை வந்துச்சு, அழுதேன். ஜோவி கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு இருந்தா. கிட்ட வரல. வெளியவும் போகல.

பத்து மணிக்கு டாக்டர் முகைதீன் எழுதிக் குடுத்த சோதனைக்கு ரத்தம் எடுக்க நர்சு வந்தாங்க. ஸ்டேஷன்ல இருந்து வந்த பொம்பளைப் போலீசும் வாக்குமூலத்துக்குப் பேனாவோட உக்காந்திருந்தாங்க. மேடம் ஒரு பக்கம், ஜோவி ஒரு பக்கம். நர்சு பாரத்தைப் பார்த்து ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. பேரு. வயசு. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா.

"குடிப்பழக்கம்?"

போலீஸ்காரம்மா பேனா அப்படியே நின்னுச்சு.

உண்டுன்னேன்.

"எத்தனை வருஷமா?"

எனக்கு முன்னால ஜோவி சொன்னா, "பதினாலு. என் வயசு."

நர்சு எழுதிக்கிட்டு கையை நீட்டச் சொன்னாங்க. நரம்பு கிடைக்காது சிஸ்டர், இந்தக் கையில பாருங்கன்னு எடம் காட்டுனேன். ரெண்டாவது குத்துல வந்துச்சு. குப்பியை எடுத்துக்கிட்டுத் திரும்புனவங்களை ஒரு நிமிஷம் நில்லுங்கன்னு நிறுத்தி, ஒட்டுன தாளை வாங்கிப் பார்த்தேன். எமல்டா, 39, பெண்.

ஜோவியும் எட்டிப் பார்த்தா.